12 கார்டும் ஹீரோன்னா யார் பால் போடுறது: மார்வெல் ஸ்னாப்ல ஒரு ஸ்டார்ட்டர் டெக்கை பிரிச்சு மேஞ்ச கதை

மார்வெல் ஸ்னாப் போன்ல ஆடுற ஒரு கார்டு கேம், மேட்சுக்கு நாம எடுத்துட்டுப் போற கார்டு செட்டுக்குப் பேர் டெக். முதல்ல டெக்கைப் பாருங்க. ஹல்க், ஸ்பெக்ட்ரம், அபாமினேஷன், அயர்ன் மேன், ப்ளூ மார்வெல், தி திங், ஜெசிகா ஜோன்ஸ், சைக்ளாப்ஸ், பனிஷர், உல்ஃப்ஸ்பேன், மெடூசா, ஸ்டார்-லார்ட். மொத்தம் 12. கட்டுனது எங்க அக்கா பையன், தாம்பரத்துல காலேஜ், தினமும் நுங்கம்பாக்கத்துல இருந்து எலக்ட்ரிக் ட்ரெயின், ஒரு மேட்ச் மூணு நிமிஷம்தான்ங்கறதால கிண்டி வர்றதுக்குள்ள ரெண்டு மூணு முடிச்சிடுவான். ஆரம்பத்துல ஜெயிச்சிட்டு இருந்தான், அப்புறம் ஒரு ரேங்க்ல போய் நின்னவன் நின்னவன்தான், ஏறுறான் இறங்குறான் ஏறுறான் இறங்குறான். "மாமா, நல்ல கார்டு எல்லாம் காசு குடுத்தவன்ட்ட இருக்கு, நம்மகிட்ட இருக்கறது எல்லாம் ஓசி கார்டு, அதான்"னு சொல்லிட்டு டெக்கைக் காட்டுனான்.

காசு பிரச்சனை இல்ல. டெக்கைப் பாத்தாலே தெரியும், தெரியாதவங்களுக்கு கொஞ்சம் கேமைச் சொல்லிடுறேன்.

மார்வெல் ஸ்னாப் 2022 அக்டோபர் 18 அன்னிக்கு வந்துச்சு, பண்ணது செகண்ட் டின்னர்னு ஒரு ஸ்டுடியோ, அதோட மெயின் ஆளு பென் ப்ரோட் அதுக்கு முன்னாடி ஹார்த்ஸ்டோன்ங்கற இன்னொரு கார்டு கேமுக்கு டைரக்டரா இருந்தவர். ஹார்த்ஸ்டோன்ல டெக்குக்கு 30 கார்டு, இங்க 12தான், அதுவும் ஒரு கார்டு ஒரு தடவைதான் வைக்கலாம். மூணு லொகேஷன் (கார்டு போடுற இடம்), ஒவ்வொண்ணுலயும் உங்க பக்கம் 4 கார்டுக்கு இடம், 6 டர்ன். கார்டு போட எனர்ஜி செலவாகும், ஒரு கார்டுக்கு எவ்ளோ எனர்ஜியோ அதான் அதோட காஸ்ட். முதல் டர்ன்ல 1 எனர்ஜி, ரெண்டாவதுல 2, அப்படியே ஆறாவதுல 6. மூணுல ரெண்டு லொகேஷன்ல பவர் அதிகமா வச்சிருக்கறவன் ஜெயிப்பான். அவ்ளோதான் ரூல். அந்த வருஷம் கேம் அவார்ட்ஸ்ல பெஸ்ட் மொபைல் கேம் வாங்குச்சு, அதுக்குக் காரணமே இந்த சின்ன சைஸ்தான்னு நான் நினைக்கறேன். ஒரு விஷயம், கார்டோட நம்பர் எல்லாம் அப்டேட்ல மாத்திட்டே இருப்பாங்க, நான் சொல்ற நம்பர் கேம் வந்த புதுசுல இருந்தது, கணக்கு பண்ற முறை மாறாது.

இப்ப கணக்கு. 1+2+3+4+5+6 = 21. ஒரு மேட்ச்ல உங்களுக்கு கிடைக்கற மொத்த எனர்ஜி இதுதான், மிச்சம் வச்சா அடுத்த டர்னுக்கு வராது, போனது போனதுதான். கைல முதல்ல 3 கார்டு, அப்புறம் டர்னுக்கு ஒண்ணு, முதல் டர்ன்லயும் சேத்து. அப்ப ஆறாவது டர்ன்ல நீங்க பாத்திருக்கறது 9 கார்டு. 12ல 9. அதாவது எந்த ஒரு கார்டை எடுத்துக்கிட்டாலும் நாலு மேட்ச்ல ஒரு மேட்ச்ல அது வரவே வராது. இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறிட்டா பாதி டெக் பில்டிங் முடிஞ்ச மாதிரி.

பையன் டெக்கை இதுல வச்சுப் பாருங்க. 1 காஸ்ட் கார்டு ஒண்ணு கூட இல்ல, அதனால முதல் டர்ன் எல்லா மேட்ச்லயும் காலி. 2 காஸ்ட் ரெண்டே ரெண்டு, மெடூசாவும் ஸ்டார்-லார்டும், ரெண்டாவது டர்ன் வரைக்கும் பாக்கறது 5 கார்டு, அந்த 5ல இந்த ரெண்டுல ஒண்ணாவது இருக்க 68 சதவீதம்தான் சான்ஸ். மிச்சம் 32 சதவீதம், கிட்டத்தட்ட மூணுல ஒரு மேட்ச், ரெண்டு டர்ன் முழுசா சும்மா உக்காந்திருக்கான். எதிராளி அதுக்குள்ள ரெண்டு மூணு கார்டு இறக்கிட்டு லொகேஷன் எப்படி வருதுன்னு பாத்துட்டு இருப்பான்.

இதை விட மோசம் மேல் பக்கம். 5 காஸ்ட் மூணு, 6 காஸ்ட் ரெண்டு, ஆக 5 கார்டு. ஆனா 5 காஸ்ட்டோ 6 காஸ்ட்டோ போடுற அளவுக்கு எனர்ஜி வர்றது அஞ்சாவது ஆறாவது டர்ன்லதான், அதுவும் டர்னுக்கு ஒண்ணுதான் போட முடியும். அந்த 5 கார்டுல சராசரியா 3.75 கார்டு கைக்கு வரும், போட முடியறது 2. அப்ப ஒவ்வொரு மேட்ச்லயும் கிட்டத்தட்ட ரெண்டு கார்டு கைலயே செத்துப் போகுது. பேருக்கு 12 கார்டு டெக், ஆடுறது 10 கார்டு வச்சு.

இதை நான் வாயால சொன்னா எவன் கேக்கறான். "மாமா, ஹல்க் 12 பவர் மாமா, ஒரு கார்டு"ன்னான். 12 பவர்தான், யார் இல்லன்னா. 6 எனர்ஜிக்கு 12, அப்ப எனர்ஜிக்கு 2. சைக்ளாப்ஸ் 3 எனர்ஜிக்கு 4. க்விக்சில்வர் 1 எனர்ஜிக்கு 2. தனித்தனியா பாத்தா ஹல்க் ஒண்ணும் மொக்கை இல்ல. ஆனா தெரு கிரிக்கெட்ல 11 பேரும் சிக்ஸ் அடிக்கறவனா வச்சு டீம் எடுத்தா என்ன ஆகும், அதான் இங்கயும்.

அதனால ஒரு நோட்ல எழுதச் சொன்னேன். ஜெயிச்சியா தோத்தியான்னு எழுத வேணாம், ஒவ்வொரு டர்ன்லயும் எவ்ளோ எனர்ஜி மிச்சம் ஆச்சுன்னு மட்டும் எழுதுன்னேன். ஒரு வாரம் போல எழுதுனான், முணுமுணுத்துட்டேதான் எழுதுனான். பாதிக்கு மேல மேட்ச்ல 5, 6ன்னு வேஸ்ட் ஆகியிருந்துச்சு. ஆறாவது டர்ன் முழுசையும் தூக்கிப் போட்டதுக்கு சமம். இன்னொண்ணும் அவனே கண்டுபுடிச்சான், நான் சொல்லல: மிச்சம் கம்மியா இருந்த மேட்ச் எல்லாம் அவன் "லக்கு"ன்னு சொன்ன மேட்ச். லக்கு இல்ல, அன்னிக்கு கார்டு 2, 3, 4, 5, 6ன்னு வரிசையா வந்திருக்கு, அவ்ளோதான்.

சரி, புதுசா கட்டலாம். எக்ஸ்ட்ரா ஒரு கார்டும் வாங்காம, அவன்ட்ட இருக்கறதை மட்டும் வச்சுன்னு முடிவு பண்ணோம். கலெக்‌ஷன் லெவல் ஏற ஏற முதல் 214 லெவல் வரைக்கும் சீரிஸ் 1, அதாவது முதல் தொகுப்பு கார்டுதான் வரும், எல்லாருக்கும் அதே கார்டுங்கதான், வர்ற வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அவனுக்கு அதுக்குள்ள கா-ஸார் வந்திருந்துச்சு, ஸ்குவிரல் கேர்ள், நைட்க்ராலர், ஏஞ்சலா, பிஷப் எல்லாம் வந்து தூங்கிட்டு இருந்துச்சு. அணில் பொண்ணை எல்லாம் எவன் போடுவான்னு ஓரங்கட்டிட்டான் துரை.

கட்டுன டெக் இது. 1 காஸ்ட்ல க்விக்சில்வர், ஆன்ட்-மேன், ஹாக்-ஐ, நைட்க்ராலர், ஸ்குவிரல் கேர்ள். 2ல ஏஞ்சலா, மெடூசா. 3ல பிஷப், மிஸ்டர் ஃபென்டாஸ்டிக். 4ல கா-ஸார். 5ல ப்ளூ மார்வெல். 6ல ஸ்பெக்ட்ரம். பழைய டெக்கோட மொத்த காஸ்ட் 48, அதாவது கார்டுக்கு சராசரி 4. புதுசு 30, சராசரி 2.5. ஹல்க் வெளிய, அயர்ன் மேன் வெளிய, தி திங் வெளிய. பையன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே.

ஏன் இந்த கார்டுங்கன்னு சொல்றேன். கா-ஸார் தரைல இருக்கற வரைக்கும் உங்க 1 காஸ்ட் கார்டு எல்லாத்துக்கும் +1. ப்ளூ மார்வெல் இருந்தா உங்க மத்த கார்டு எல்லாத்துக்கும் +1. தனியா பாத்தா ப்ச்னு இருக்கும், ஆனா தரைல ஏழெட்டு குட்டி கார்டு கிடந்தா ஒரே கார்டுல ஏழெட்டு பவர், அதுவும் மூணு லொகேஷன்லயும் பிரிஞ்சு. ஸ்குவிரல் கேர்ளைப் போட்டா மத்த ரெண்டு லொகேஷன்லயும் 1 பவர் அணில் ஒண்ணு ஒண்ணு வரும், அந்த அணிலும் 1 காஸ்ட்தான், அதுக்கும் கா-ஸார் +1 சேரும். 1 எனர்ஜில மூணு இடத்துல கால் பதிச்சாச்சு. ஆன்ட்-மேன் அந்த லொகேஷன்ல உங்க பக்கம் நாலும் ஃபுல் ஆனா பவர் ஏறுவான். ஏஞ்சலா இருக்கற இடத்துல வேற கார்டு போட போட ஏறுவா, பிஷப் நீங்க எங்க கார்டு போட்டாலும் ஏறுவான். அப்ப பிஷப்புக்கும் ஏஞ்சலாவுக்கும் தேவை பவர் இல்ல, நிறைய கார்டு. 1 காஸ்ட் கார்டுங்க அதுக்குத்தான்.

க்விக்சில்வரைப் பத்தி தனியா சொல்லணும். பாக்க ஒண்ணுமில்லாத கார்டு, ஆனா ஆரம்பக் கைலயே கட்டாயம் வந்துடுவான். முதல் டர்ன் காலிங்கற பேச்சுக்கே இடம் இல்ல. இதுக்கு ஒரு விலை இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கறதில்ல: ஒரு இடத்தை அவன் எப்பவும் புடிச்சுக்கறதால மத்த 11 கார்டுல நீங்க பாக்கறது 8தான், அப்ப மத்த ஒவ்வொரு கார்டும் வர்ற சான்ஸ் 75ல இருந்து 72.7 சதவீதமா இறங்கும். புது ஆளுக்கு இந்த விலை ஓகே, கண்ணை மூடிட்டு குடுக்கலாம். அனுபவம் வந்தப்புறம் கழட்டி விட்டுடலாம்.

அதே கணக்குல இன்னொண்ணு. நாலாவது டர்ன்ல கா-ஸார் கைல இருக்க சான்ஸ் 11ல 6, பாதிக்கு கொஞ்சம் மேல. அஞ்சாவது டர்னுக்குள்ள கா-ஸாரும் ப்ளூ மார்வெலும் ரெண்டும் சேந்து வர சான்ஸ் 38 சதவீதம். புது டெக் கட்டுறவங்க பண்ற அடுத்த தப்பு இங்கதான் இருக்கு, ஹீரோ மோகம் போச்சுன்னா காம்போ மோகம் வந்துடும், "இது வந்து அது வந்து இதுவும் வந்துட்டா"ன்னு ஆரம்பிப்பாங்க. குறிப்பிட்ட மூணு கார்டு கடைசி டர்னுக்குள்ள சேந்து வர, க்விக்சில்வர் இல்லாத டெக்லயே 38 சதவீதம்தான். அதனால இந்த டெக்ல கா-ஸார் வரலன்னாலும் பிஷப் ஏறிட்டு இருப்பான், பிஷப் வரலன்னா ஏஞ்சலா, ரெண்டும் வரலன்னா கடைசில ஸ்பெக்ட்ரம் வந்து ஆன்கோயிங் கார்டுங்களுக்கு (தரைல இருக்கற வரைக்கும் சக்தி வேலை செய்யற கார்டுங்க) எல்லாம் +2 குடுக்கும், ஆன்ட்-மேன், ஃபென்டாஸ்டிக், கா-ஸார், ப்ளூ மார்வெல் நாலும் ஆன்கோயிங். எது வந்தாலும் ஏதோ ஒண்ணு வேலை செய்யும்.

ஆட ஆரம்பிச்சதும் உடனே ஏறிடல. முதல் ரெண்டு மூணு நாள் பழைய டெக்கை விட மோசமாக்கூட போச்சு, ஏன்னா இடம். பழைய டெக்ல மேட்சுக்கு நாலஞ்சு கார்டுதான் போடுவான், இடப் பஞ்சமே தெரியாது. இங்க அணிலை எல்லாம் சேத்தா 12 இடமும் கடகடன்னு ரொம்புது. ஒரு மேட்ச், சைதாப்பேட்டை தாண்டும்போது பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன், நடு லொகேஷன்ல 3 பவர் பின்னாடி இருக்கான், கைல ஸ்பெக்ட்ரம், ஆனா நடுல நாலும் ஃபுல், அதுல ஒண்ணு சும்மா போட்ட ஹாக்-ஐ. ஹாக்-ஐ போட்டா அடுத்த டர்ன்ல அதே லொகேஷன்ல இன்னொரு கார்டு போட்டாத்தான் பவர் ஏறும், இவன் போட்டுட்டு வேற பக்கம் போயிட்டான். 1 பவர் கார்டு ஒரு இடத்தைப் புடிச்சு உக்காந்திருக்கு, ஸ்பெக்ட்ரம் வேற லொகேஷன்ல போய் இறங்குது, நடு போச்சு, மேட்ச் போச்சு. "டேய், எனர்ஜி மாதிரி இடமும் கணக்குடா"ன்னேன். 1 காஸ்ட்ங்கறதுக்காக கைல இருக்கறதை எல்லாம் கொட்டிடக்கூடாது. நைட்க்ராலர் ஒரு தடவை நகரலாம், அதனால அவனை முதல்ல எங்க வேணா போடலாம், இடம் தேவைப்பட்டா கிளப்பி விட்டுடலாம். ஹாக்-ஐயைப் போட்டா அடுத்த டர்ன் எங்கன்னு முடிவு பண்ணிட்டு போடணும். கடைசி டர்னுக்கு ரெண்டு லொகேஷன்லயாவது ஒரு சீட் காலியா வச்சிருக்கணும், இது நாங்களா வச்சுக்கிட்ட சட்டம்.

ரெண்டாவது அடி என்சான்ட்ரஸ். அவளை ஒரு லொகேஷன்ல போட்டா அங்க இருக்கற ஆன்கோயிங் கார்டோட சக்தி எல்லாம் காலி. பையன் கா-ஸார், ப்ளூ மார்வெல், ஃபென்டாஸ்டிக் மூணையும் ஒரே இடத்துல அடுக்கி வச்சிருந்தான், பாக்க அழகா இருக்குன்னு. ஒரே கார்டுல மூணு லொகேஷனும் சரிஞ்சுது, ஏன்னா கா-ஸாரோட +1 எல்லா இடத்துக்கும் போயிட்டு இருந்துச்சு இல்ல. கார்டு உக்கார்ற இடம் எதுவா இருந்தாலும் அதோட பலன் எல்லா இடத்துக்கும் போகும்னா, அப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்க என்ன அவசியம்? ஃபென்டாஸ்டிக்குக்கு மட்டும் நடு லொகேஷன் பெட்டர், பக்கத்துல இருக்கற லொகேஷனுக்குத்தான் +2 குடுப்பான், நடுல வச்சாத்தான் ரெண்டு பக்கமும் கிடைக்கும். அப்ப கா-ஸார் ஒரு ஓரம், ப்ளூ மார்வெல் இன்னொரு ஓரம். இதை மாத்துனதுக்கு அப்புறம் என்சான்ட்ரஸ் வந்தாலும் மூணுல ஒண்ணுதான் போகும்.

இந்த டெக்ல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் சேங்க்டம் சேங்க்டோரம் லொகேஷன் வரும்போது. அங்க கார்டு போடவே முடியாதுன்னு ரூல். ஆனா அணில் "போடுற" கார்டு இல்லையே, தானா வந்து சேர்றது, அதனால உள்ள போயிடும். நைட்க்ராலரும் நகந்து உள்ள போயிடுவான். ஃபென்டாஸ்டிக் பக்கத்து லொகேஷன்ல இருந்தே +2 அனுப்புவான். எதிராளி ஒண்ணும் பண்ண முடியாம பாத்துட்டு இருக்க, ஒரு அணில் கா-ஸார் புண்ணியத்துல 2 பவரோட ஒரு லொகேஷனையே தூக்கிடும். 12 பவர் ஹல்க்கை வச்சிருந்தா கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். அன்னிக்குத்தான் பையன் அணிலைப் பத்தி கிண்டல் பண்றதை நிறுத்துனான்.

டெக்கைத் தாண்டி ஒரு பிரச்சனை இருந்துச்சு, இதைச் சரி பண்ணாம என்ன டெக் குடுத்தாலும் ரேங்க் ஏறாது. ரிட்ரீட், அதாவது மேட்சைப் பாதில விட்டுட்டு கிளம்புறது. தோக்கறது உறுதின்னு தெரிஞ்சாலும் கடைசி வரைக்கும் ஆடுவான், ஓடிப்போறது கேவலமாம். ரேங்க் க்யூப்லதான் ஏறும் இறங்கும், க்யூப்ங்கறது மேட்சுக்கு வைக்கற பந்தயம், ஸ்னாப்ங்கறது அதை டபுள் ஆக்குறது. 1 க்யூப்ல ஆரம்பிக்கும், ஒருத்தர் ஸ்னாப் பண்ணா 2, ரெண்டு பேரும் பண்ணா 4, கடைசி டர்ன்ல மறுபடி டபுள், அப்ப அதிகபட்சம் 8. எதிராளி ஸ்னாப் பண்ண உடனே விலை ஏறாது, அந்த டர்ன் முடிஞ்சாத்தான் ஏறும், அப்பவே கிளம்புனா பழைய விலை. மூணு மேட்ச்ல 1 க்யூப் குடுத்துட்டு கிளம்பிட்டு, நாலாவது மேட்ச்ல 4 க்யூப் ஜெயிச்சா கணக்குப்படி +1. நாலுல ஒண்ணுதான் ஜெயிச்சிருக்க, ஆனா ரேங்க் ஏறியிருக்க. பையன் பண்ணது நேர் எதிர், பாதி மேட்ச் ஜெயிப்பான், ஜெயிக்கறப்ப எதிராளி முன்னாடியே 1 க்யூப் குடுத்துட்டு நைசா நழுவியிருப்பான், தோக்கறப்ப இவன் 8ஐயும் குடுத்துட்டு வீரமா வருவான். கணக்கு எழுதிக் காட்டுனப்புறம்தான் கேட்டான், அதுவும் கேவலம்னு சொல்றதை விடல.

கிரெடிட் (கேமுக்குள்ள இருக்கற காசு) விஷயமும் ஒண்ணு. கார்டை அப்கிரேட் பண்ணா பவர் ஏறாது, பளபளன்னு ஆகும் அவ்ளோதான், ஆனா கலெக்‌ஷன் லெவல் ஏறும், அதுல இருந்துதான் புது கார்டு வரும். முதல் அப்கிரேட் 25 கிரெடிட்டுக்கு 1 லெவல். அடுத்தது 100க்கு 2, அதுக்கு மேல 200க்கு 4, 300க்கு 6, இப்படி எல்லாமே லெவலுக்கு 50 கிரெடிட். அப்ப பூஸ்டர் (அப்கிரேட் பண்ண அந்தந்த கார்டுக்கு வேணும்ங்கற பொருள்) இருக்கற எல்லா கார்டுலயும் முதல் 25ஐ முடிச்சிட்டு அப்புறம்தான் மேல போகணும், அதே கிரெடிட்டுக்கு டபுள் லெவல். இவன் ஹல்க்கை மட்டும் ஜொலிக்க வச்சுட்டு இருந்தான், மத்த எதுவும் தொட்டதே இல்ல. புது ஆளுங்க நிறைய பேர் இதைப் பண்றாங்க, ஆசை யாரை விட்டுச்சு.

நோட்ல மிச்சம் எனர்ஜி இப்ப 1, 2ன்னு நிக்குது, நிறைய மேட்ச்ல சைபர். ரேங்க் நின்ன இடத்துல இருந்து நகந்துச்சு, நல்லாவே நகந்துச்சு. கார்டு புதுசா ஒண்ணும் வாங்கல.

அயர்ன் மேன் மட்டும் திரும்பி வந்துட்டாரு. "அயர்ன் மேன் இல்லாம ஒரு டெக்கா மாமா"ன்னு நச்சரிச்சுட்டே இருந்தான், நானும் யோசிச்சுப் பாத்தேன், தப்பில்ல. அவரு 5 காஸ்ட், சொந்த பவர் 0, அந்த லொகேஷனோட மொத்த பவரை டபுள் ஆக்குவாரு. பழைய டெக்ல ஒரே ஒரு கார்டு இருக்கற இடத்துல அவரை இறக்குவான், 4ஐ 8 ஆக்க 5 எனர்ஜி. இப்ப மூணு குட்டி கார்டும் அதுக்கு மேல கா-ஸார் போனஸும் இருக்கற இடத்துல இறக்குறான், அதே 5 எனர்ஜிக்கு பலன் ஏகத்துக்கும் ஜாஸ்தி. ஆறாவது டர்ன்ல அவரு கூட கைல மிச்சம் இருக்கற ஒரு 1 காஸ்ட், சரியா 6. மெடூசா வெளிய போனா, டெக்கோட காஸ்ட் 33 ஆச்சு, பரவால்ல. ஆனா ஹல்க்கைக் கேட்டான், அதுக்கு நோ சொல்லிட்டேன்.

அடுத்து பாக்க வேண்டியது கில்மங்கர். அவன் தரைல இருக்கற 1 காஸ்ட் கார்டை எல்லாம், எல்லா லொகேஷன்லயும், ஒரே அடில காலி பண்ணிடுவான், இந்த டெக்குக்கு எமன் அவன்தான். பையன் லெவல்ல எதிராளிங்ககிட்ட இன்னும் பெருசா இல்ல, லெவல் ஏற ஏற வருவான். வர ஆரம்பிச்சதும் ஹாக்-ஐயை எடுத்துட்டு ஆர்மர் போட்டுக்கலாம்னு பேசி வச்சிருக்கோம், ஆர்மர் இருக்கற லொகேஷன்ல எந்த கார்டையும் அழிக்க முடியாது, 2 காஸ்ட்தான். ஒரு லொகேஷன்தான் தப்பிக்கும், அதனால ஆன்ட்-மேனையும் முடிஞ்சா ஒரு அணிலையும் அங்கயே வச்சுக்கணும், மீதி ரெண்டுல ஒண்ணை பிஷப் பாத்துக்குவான், அவன் 3 காஸ்ட், கில்மங்கர் தொட முடியாது.